எரிமலையில் கழற்றிய செருப்பு

புதுவாயல் கூட்டுரோட்டில் காலை நேரத்தில் சின்னதுரை மேஸ்திரியைப் பார்க்காமல் யாரும் தாண்ட முடியாது. சிப்காட்டுக்குப் போகும் கம்பெனி பஸ்களும் ஆந்திராவிலிருந்து இறங்கும் லாரிகளும் ஒன்றுக்கொன்று வழி விடாமல் ஹாரன் அடித்துக்கொண்டிருக்கிற சந்தடியில், டீக்கடைக்கு எதிரே நிற்பார். அன்றைய வேலைக்கு யார் வந்தார்கள், யார் டிமிக்கி கொடுத்தார்கள் என்று பார்த்துக்கொண்டிருப்பார். குட்டையான ஆள், கட்டையான குரல். காதில் எப்போதும் ஒரு பென்சில் செருகியிருக்கும். ஆனால் இந்த ஆவணி வரைக்கும் ஜனங்களின் கண் அந்தப் பென்சிலுக்குப் போகவில்லை. நேராக அவர் காலுக்குத்தான் போயிற்று. காலில் செருப்பு இல்லை.

கட்டட வேலை செய்கிறவன் வெறுங்காலோடு திரிவது விளையாட்டு இல்லை. சிமெண்ட் கலவை விரலிடுக்கில் புகுந்தால் அரித்துப் புண்ணாக்கிவிடும். ஆணி, கம்பி, உடைந்த செங்கல், போதாததற்கு வெயிலில் காய்ந்த கான்கிரீட் தளம். மேஸ்திரியின் பாதம் வெடித்து, வெடிப்பெல்லாம் சிமெண்ட் ஏறிச் சாம்பல் பூத்துக் கிடந்தது.

"தங்கச்சி ஊட்டுக்காரருக்கு காலு போற மாதிரி ஆயிடுச்சில்ல, அதுக்காக வேண்டிக்கினு கீறாரு. அவரு புண்ணு ஆறுற வரைக்கும் இவரு செருப்பு போட மாட்டாராம்" என்று டீக்கடைக்காரர் புதிதாக வருகிறவர்களுக்கு விளக்கம் கொடுப்பார். "கூடப் பொறந்தவளுக்கு இந்தக் காலத்துல யாரு சார் இப்பிடி செய்றா?"

கேட்டவர்கள் உச்சுக் கொட்டுவார்கள். பெஞ்சில் நகர்ந்து இடம் விடுவார்கள். மேஸ்திரி தலையைக் குனிந்துகொண்டு டீயை ஊதுவார். மனுஷனுக்கு எவ்வளவு அடக்கம் என்று அதற்கும் ஒரு பாராட்டு விழும். அடக்கமாவது மண்ணாவது. பூமி பிளந்து தன்னை உள்ளே இழுத்துக்கொண்டால் தேவலை என்றிருந்தது அவருக்கு. ஏனென்றால் தங்கச்சி புருஷனின் கால் அப்படி ஆனதற்குக் காரணம் வேறு யாரும் இல்லை, இதே மேஸ்திரிதான். அது உலகத்தில் இரண்டே பேருக்குத்தான் தெரியும்.

சின்னதுரை கெட்டவர் இல்லை. எல்லாம் தனக்குத் தெரியும் என்ற நினைப்பு கொஞ்சம் அதிகம், அவ்வளவுதான். அப்பாவும் அம்மாவும் அடுத்தடுத்துப் போய்ச் சேர்ந்தபோது தங்கச்சி செண்பகம் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தாள். அவளுக்காகக் கல் சுமந்தார், கலவை போட்டார், கரண்டி பிடித்தார், மேஸ்திரி ஆனார். நல்ல இடமாகப் பார்த்து எளாவூரில் லோகுவுக்குக் கட்டிக்கொடுத்தார். லோகுவுக்கு சிப்காட்டில் இரும்பு உருக்குகிற கம்பெனி ஒன்றில் ஃபர்னஸ் வேலை. வம்புதும்புக்குப் போகாத ஆள். மச்சான் சொன்னால் மறுபேச்சு பேச மாட்டான். அந்த நல்ல குணம்தான் கடைசியில் அவனுக்கே வினையாகப் போயிற்று.

மேஸ்திரிக்குத் தொழிலில் ஒரு வைராக்கியம் உண்டு. பூமி பூஜை போடுகிற இடத்திலும் நிலைவாசல் தூக்கி வைக்கிற நேரத்திலும் ஒருவரும் செருப்புக் காலோடு கிட்டே வரக் கூடாது. வீட்டுச் சொந்தக்காரராக இருந்தாலும் "சார், மொதல்ல கால்ல இருக்குறத கழட்டு" என்பார். வள்ளூரில் ஒரு தடவை, பவர் பிளான்ட்டில் பெரிய உத்தியோகம் பார்க்கிற ஒருவர் ஷூவோடு அஸ்திவாரக் குழியில் இறங்கிவிட்டார். மேஸ்திரி உடைக்க எடுத்த தேங்காயைத் தட்டிலேயே வைத்துவிட்டு வண்டியைக் கிளப்பிக்கொண்டு வந்துவிட்டார். இந்தக் கதையைக் கேட்காதவர்கள் அந்த வட்டாரத்தில் குறைவு. அவரிடம் வேலை பார்க்கிறவர்கள் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் "கழட்டு, கழட்டு" என்று அவர் குரலிலேயே சொல்லிச் சிரிப்பார்கள்.

எந்த சிமெண்ட் வாங்குவது என்று வீடு கட்டுகிறவருக்குச் சொல்வது மேஸ்திரிதான். இது சிமெண்ட் கம்பெனிக்காரர்களுக்கு நன்றாகத் தெரியும். அதனால் மேஸ்திரிகளைப் புது மாப்பிள்ளை போல் கவனிப்பார்கள். டிபன் பாக்ஸ், குடை, சுவர்க்கடிகாரம் என்று கொடுத்துக்கொண்டிருந்தவர்கள் இந்த வருஷம் தை மாதம் ஒரே போடாகப் போட்டார்கள். அதிக மூட்டை இறக்கிய மேஸ்திரிகளுக்கு பாலித் தீவுச் சுற்றுலா. ஆளுக்கு ஒரு துணையைக் கூட்டி வரலாம்.

"நீ போயிட்டு வா. ஆகாசத்துல தொங்கிக்கினு வர என்னால ஆவாது" என்று மனைவி ஈஸ்வரி முதல் வார்த்தையிலேயே முடித்துவிட்டாள்.

அப்போதுதான் மேஸ்திரிக்கு லோகுவின் ஞாபகம் வந்தது. கல்யாணமான நாளிலிருந்து வீட்டை விட்டால் ஃபர்னஸ், ஃபர்னஸை விட்டால் வீடு என்று கிடக்கிறான். சூலூர்பேட்டைக்கு அந்தப் பக்கம் ஒரு ஊரைக் கண்ணால் பார்த்ததில்லை. பாவம், அவன் பார்க்கட்டுமே என்று ஆசையாகத்தான் நினைத்தார். அந்த ஆசையில் ஒரு குறையும் இல்லை.

செண்பகம்தான் சட்டென்று சரி சொல்லவில்லை. லோகுவுக்கு சுகர். ஊசி போட்டுக்கொள்கிற அளவுக்கு சுகர். பாதத்தில் உணர்ச்சி மரத்துக்கொண்டு வந்தது. ஒரு முறை காலில் முள் ஏறி, அது தெரியாமலே நடந்து, சீழ் வைத்த பிறகுதான் பார்த்தார்கள். டாக்டர் எம்.சி.ஆர். செருப்பு வாங்கிப் போடச் சொல்லியிருந்தார். அடியில் மெத்தென்று, பின்னால் பட்டை வைத்த கறுப்புச் செருப்பு. வீட்டுக்குள்ளேயும் அதைக் கழற்றக் கூடாது என்பது உத்தரவு. வாசலில் செருப்பை விட்டுவிட்டு வருகிற வீட்டில் அவன் மட்டும் சமையலறை வரைக்கும் செருப்போடு நடப்பான், செண்பகம் அவன் பின்னாலேயே துடைத்துக்கொண்டு போவாள்.

"நீ கூட இருக்கன்னுதான்ணா அனுப்புறேன்" என்றாள் அவள். "மாத்திர, ஊசி எல்லாம் அவரே பாத்துக்குவாரு. நீ ஒண்ணே ஒண்ணு பாத்துக்கோ. கால்ல செருப்பில்லாம ஒரு அடி வெக்கக் கூடாது. அவருக்கு சுட்டாலும் தெரியாது, குத்துனாலும் தெரியாது."

"அட, எனக்குத் தெரியாதா? பச்சப்புள்ளய மாதிரி இட்டுக்கினு போயி இட்டுக்கினு வரேன். போதுமா?"

தெரியாதா என்று கேட்டாரே தவிர, மேஸ்திரிக்கு அதில் ஒன்றும் தெரியாது. சுகர் என்றால் லட்டு தின்னக் கூடாது என்பதோடு அவர் அறிவு முடிந்தது. கால் மரத்துப்போவதை அவள் சொன்னது ஒரு காதில் நுழைந்தது, மறு காதைத் தேடிக்கொண்டிருந்தது.

பாலியில் முதல் இரண்டு நாள் கல்யாண வீடு மாதிரி போயிற்று. பொன்னேரி, செங்குன்றம், ஊத்துக்கோட்டை மேஸ்திரிகள் எல்லாம் ஒன்றாகச் சேர்ந்துவிட்டார்கள். ஓட்டலில் இறங்கியதும் முதல் காரியமாகச் சுவரைத் தட்டிப் பார்த்துப் பூச்சில் குறை சொன்னார்கள். கொண்டுபோன புளிசாதமும் மாங்காய் ஊறுகாயும் தீர்ந்ததும் முகம் தொங்கிப்போயிற்று. சின்னதுரை மேஸ்திரி தங்கச்சிக்குக் கொடுத்த வாக்கை மட்டும் மறக்கவில்லை. கடற்கரையில் எல்லோரும் வெறுங்காலோடு அலையில் நின்றபோது, லோகுவை மட்டும் செருப்போடு நிற்க வைத்தார். "செம்பகம் கொன்னுடுவா" என்று நாலு பேர் கேட்கச் சொல்லிச் சிரித்தார். லோகுவும் சிரித்தான். 

மூன்றாம் நாள் எரிமலை. இன்னும் புகைந்துகொண்டிருக்கிற எரிமலை. அதற்கு ஒரு பெயர் இருந்தது, நம் ஆட்கள் வாயில் அது நுழையவில்லை. விடிவதற்குள் ஏறிச் சூரியோதயம் பார்ப்பதுதான் அங்கே வழக்கமாம். மேஸ்திரிகள் எழுந்து, குளித்து, நாஷ்டா முடித்துக் கிளம்பும்போது சூரியன் அவர்களை விட்டுவிட்டு வெகுதூரம் போயிருந்தது. கறுப்பு மண்ணும் கறுப்புக் கல்லுமாக மலை. லோகு ஒரு கல்லை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"மச்சான், இது நம்ம கம்பெனியில ஃபர்னஸ்லருந்து வழிச்சிக் கொட்டுற கசடு மாதிரியே கீது."

"அப்ப இது யாரோட ஃபர்னஸு?" என்றார் மேஸ்திரி. சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். மேலே ஏற ஏற அவருக்குள் ஒரு பக்தி ஊறிக்கொண்டே வந்தது. பாறை இடுக்குகளில் ஆவி வந்தது. வழிகாட்டி வந்த ஆள் அப்படி ஒரு பொந்தில் முட்டையை வைத்து வேக வைத்துக் கொடுத்தான். அடுப்பில்லாமல் முட்டை வேகிறது. பூமாதேவி மூச்சு விடுகிறாள் என்று மேஸ்திரி கன்னத்தில் போட்டுக்கொண்டார். தரையில் படிந்திருந்த சாம்பலைத் தொட்டு நெற்றியில் இட்டுக்கொண்டார். மற்றவர்களுக்கும் இட்டுவிட்டார்.

உச்சியில், பள்ளத்தின் விளிம்பில், ஒரு சின்னக் கல் மாடம் இருந்தது. மஞ்சள் துணி சுற்றி, ஓலைத் தட்டில் பூவும் கொஞ்சம் சோறும் வைத்திருந்தார்கள். எந்தச் சாமி என்று தெரியவில்லை. மஞ்சள் துணியும் பூவும் போதாதா? மேஸ்திரியின் வாய் தானாகத் திறந்தது.

"எல்லாரும் கால்ல இருக்குறத கழட்டுங்கப்பா. சாமி இடம்."

கொஞ்சம் முன்னால் அங்கே ஊதுவத்தி ஏற்றிவிட்டுப் போன உள்ளூர்ப் பெண்மணி காலில் ரப்பர் பூட்ஸ் போட்டிருந்தாள். வழிகாட்டியும் ஷூவோடுதான் கும்பிட்டுவிட்டு முட்டைப் பொந்துக்கு இறங்கிப் போயிருந்தான். மேஸ்திரி இரண்டையும் பார்க்கத்தான் செய்தார். மனசில் ஏறவில்லை. மற்ற மேஸ்திரிகள் மளமளவென்று கழற்றிவிட்டு மாடத்தருகே போய்விட்டார்கள். லோகு மட்டும் நின்றான்.

"மச்சான், செம்பகம் சொல்லியிருக்கா..."

"தோ பாரு மாப்ள. சாமி காரியம். ரெண்டு நிமிஷம் கழட்டுனா இன்னா ஆயிடப்போவுது? அவ இன்னா இங்க வந்து பாக்கப்போறாளா?"

லோகு குனிந்தான். பட்டையை விலக்கி, செருப்பையும் சாக்ஸையும் கழற்றி ஒரு ஓரமாக வைத்தான்.

மூன்று சுற்று சுற்ற வேண்டும் என்று மேஸ்திரி முன்னால் நடந்தார். மாடத்துக்குப் பின்னால் தரையில் ஒரு வெடிப்பு, அதிலிருந்து மெல்லிசாக ஆவி. அங்கே காலை வைத்ததும் சுரீரென்றது. துள்ளிக் குதித்து எட்டி நடந்தார். பின்னால் வந்தவர்களும் ஒவ்வொருவராகத் துள்ளினார்கள், ஒருவரைப் பார்த்து ஒருவர் சிரித்தார்கள். லோகு மட்டும் துள்ளவில்லை. அந்த இடத்தில்தான் பள்ளம் நன்றாகத் தெரிந்தது. அவன் அங்கேயே நின்று, கையைக் கூப்பி, கண்ணை மூடிக்கொண்டான். எளாவூரில் பாதி எழும்பி நிற்கிற தன் புது வீட்டுக்காகத்தான் வேண்டியிருப்பான், வேறென்ன.

மேஸ்திரி அவனைப் பார்த்தார். பார்த்துவிட்டுப் பெருமையாகக் கத்தினார். "எங்க மாப்ளய பாருங்கப்பா. ஃபர்னஸ்காரன். நெருப்பெல்லாம் அவனுக்கு ஜுஜுபி."

எல்லோரும் கை தட்டினார்கள். லோகு கண்ணைத் திறந்து கூச்சத்தோடு சிரித்தான். அத்தனை பேர் கை தட்டுகிறார்களே என்று, இன்னும் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றான்.

இறங்கும்போதுகூட அவனுக்கு ஒன்றும் தெரியவில்லை. பாதி வழியில், "செருப்புக்குள்ள ஈரமா கீது மச்சான்" என்றான். வேர்வையாக இருக்கும் என்றார் மேஸ்திரி. ஓட்டலில் சாக்ஸை இழுத்தபோது தோலும் கூட வந்தது. அப்போதுதான், அத்தனை தூரம் கடல் தாண்டி வந்த பிறகுதான், தங்கச்சி வாசலில் நின்று சொன்னது அவர் காதில் முழுசாக விழுந்தது. சுட்டாலும் தெரியாது, குத்துனாலும் தெரியாது.

அங்கே ஒரு டாக்டர் கட்டுப் போட்டார். சிமெண்ட் கம்பெனி ஆட்கள் டிக்கெட்டை மாற்றி இருவரையும் முன்னதாக அனுப்பிவைத்தார்கள். சென்னையில் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். வலது காலில் இரண்டு விரலை எடுத்தார்கள். இனி புண் ஆறினால் கால் நிற்கும், ஆறாமல் மேலே ஏறினால் கணுக்காலோடு எடுக்க வேண்டிவரும் என்றார்கள். ஃபர்னஸ் வேலைக்கு இனிப் போக முடியாது. புண் முழுக்க ஆறினால் லாரி எடை போடுகிற இடத்தில் உட்கார்ந்த வேலை தருவதாகக் கம்பெனியில் சொன்னார்கள். ஆக, அந்தக் குடும்பத்தின் பிழைப்பு மொத்தமும் ஒரு புண்ணில் வந்து நின்றது.

ஆஸ்பத்திரி வார்டில்தான் செண்பகம் கேட்டாள். அழுதழுது குரல் கம்மிப்போயிருந்தது.

"எப்டிண்ணா? நீ கூடத்தான இருந்த?"

உண்மையைச் சொல்லத்தான் மேஸ்திரி வாயைத் திறந்தார். சத்தியமாக அதற்குத்தான் திறந்தார். அவள் முகத்தைப் பார்த்ததும் வேறு ஒன்று வந்துவிட்டது. "சாமி கும்பிடறதுக்கு கழட்டிட்டாரும்மா. நான் முன்னாடி போயிக்கினு இருந்தேன். பாக்கல."

கட்டிலில் கிடந்த லோகு மேஸ்திரியைப் பார்த்தான். கோபமாகப் பார்த்திருந்தால்கூட அவர் அங்கேயே உடைந்திருப்பார். சும்மா பார்த்தான். பிறகு பெண்டாட்டி பக்கம் திரும்பி, "ஆமா, நாந்தான் கழட்டுனேன்" என்றான்.

அன்றைக்கு ஆரம்பித்தது அவளுடைய திட்டு. செண்பகம் கட்டு மாற்றும்போது திட்டுவாள், சோறு போடும்போது திட்டுவாள், ஊசியை எடுத்துக் கொடுக்கும்போது திட்டுவாள். பயம் வந்தால் சிலருக்கு அழுகை வரும். அவளுக்கு வாய் வரும்.

"அறிவுன்னு ஒண்ணு இருந்தா கழட்டுவியா? எங்கண்ணன் கண்ணுல வெளக்கெண்ண ஊத்திக்கினு உன்ன பாத்துக்கினு இருந்துச்சு. அது அந்தாண்ட திரும்புறதுக்குள்ள உனக்கு பக்தி பொத்துக்கினு வந்துடுச்சா? உன் பக்தியால புள்ளைங்க சோத்துக்கு நிக்கப்போவுது."

மேஸ்திரி பழம் வாங்கிக்கொண்டு பார்க்கப் போகும்போதெல்லாம் இதைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார். லோகு சுவரைப் பார்த்துக்கொண்டு வாங்கிக்கொள்வான். ஒரு நாள் அவள் தண்ணீர் பிடிக்கப் போன நேரத்தில் மேஸ்திரி மெதுவாகக் கேட்டார். "மாப்ள, நான் சொல்லிடட்டுமா?"

"எதுக்கு? உடு மச்சான். அவ திட்டறது எனக்கு இன்னா புதுசா?"

மேஸ்திரிக்கு அப்பாடா என்று இருந்தது. வெளியே வந்து வண்டியை எடுக்கும்போது, அப்பாடா என்று நினைத்த தன் நெஞ்சின் மேலேயே அவருக்கு அருவருப்பாக இருந்தது. காலில் இருந்த செருப்பைப் பார்த்தார். அங்கேயே கழற்றி வேலி ஓரம் வீசிவிட்டு, வெறுங்காலோடு வண்டி ஓட்டிக்கொண்டு வந்தார். வேண்டுதல் என்று அவர் நினைக்கவே இல்லை. போட்டுக்கொள்ள முடியவில்லை, அவ்வளவுதான். ஈஸ்வரி, "இன்னாயா, செருப்ப எங்கயாவது தொலச்சிட்டியா?" என்று கேட்டபோது ஏதாவது சொல்ல வேண்டுமே என்று, "வேண்டிக்கினு கீறேன்" என்றார். அவ்வளவுதான், அது தீயாகப் பரவிவிட்டது. செண்பகத்தின் காதுக்குப் போனது. அடுத்த முறை அவர் போனபோது அவர் காலைப் பார்த்து அவள் கண் கலங்கினாள். புருஷனிடம் திரும்பி, "பாரு, உனக்காக எங்கண்ணன் கால பாரு. நீ பண்ண வேலைக்கு அது தண்டன அனுபவிக்குது" என்று அதற்கும் ஒரு சுற்று திட்டினாள்.

தண்டனை அனுபவித்தால் மனசு லேசாகும் என்பார்கள். மேஸ்திரிக்கு அது திட்டும் புகழுமாகப் பிரிந்துபோனது. திட்டு லோகுவுக்கு, புகழ் அவருக்கு.

அந்த மாதங்களில் எளாவூர் வீட்டை அவரே நின்று முடித்தார். மற்ற வேலைகளை ஆட்களிடம் விட்டுவிட்டு இங்கேயே கிடந்தார். லோகு வழுக்கிவிடக் கூடாது என்று சொரசொரப்பான தரை, பிடித்துக்கொண்டு ஏறக் கைப்பிடி, உயரம் குறைந்த படி. புண்ணும் மெல்ல மெல்ல ஆறியது. ஆடி முடியும் நேரத்தில் டாக்டர், கால் தப்பித்தது, ஆனால் மேலே வந்திருப்பது புதுத் தோல், ஒரு சின்னக் கல் பட்டாலும் மறுபடி முதலிலிருந்து வர வேண்டியதுதான் என்றார். செண்பகம் அன்றைக்கு மட்டும் புருஷனைத் திட்டவில்லை. ஆவணியில் முகூர்த்தம் பார்த்துப் புதுமனைப் புகுவிழா வைத்தார்கள்.

அண்ணன் சீரோடு வந்தார் மேஸ்திரி. பட்டுப்புடவை, வேட்டி, குத்துவிளக்கு, பழத்தட்டு என்று ஈஸ்வரியும் உறவுப் பெண்களும் ஏந்தி வந்தார்கள். செக்போஸ்ட்டில் நின்ற லாரிகளின் இரைச்சலையும் மீறி மேளம் அடித்தது. பசுவும் கன்றும் முதலில் உள்ளே போய் வந்தன. அடுத்து வீட்டுக்காரர்கள். செண்பகம் கையில் விளக்கு. பக்கத்தில் லோகு, ஒரு கையில் ஊன்றுகோல், காலில் அந்தக் கறுப்புச் செருப்பு. புது நிலைவாசலுக்கு மஞ்சள் பூசி, மாவிலை கட்டியிருந்தது. வாசலில் கொட்டிய ஜல்லி இன்னும் முழுசாக அள்ளவில்லை.

"தம்பி, செருப்ப கழட்டிடு" என்றாள் திலகவதி. லோகுவின் அக்கா, சூலூர்பேட்டையில் வாழ்க்கைப்பட்டவள்.

"வேணாம் அண்ணி" என்றாள் செண்பகம். "டாக்டரு கூடாதுன்னு சொல்லிட்டாரு."

"டாக்டரு ஆயிரம் சொல்வாரு. புது ஊட்டுல மொதல் அடிய செருப்போட வெப்பாங்களா? லட்சுமி நிப்பாளா? சாமி காரியம். ரெண்டு அடி கழட்டுனா இன்னா ஆயிடப்போவுது?"

கூட்டத்தில் ஆமாம், அதுவும் சரிதான் என்று முனகல். யாரோ ஒரு பெரியவர், "மேஸ்திரிய கேளுங்கப்பா. அவருக்குத் தெரியாததா? அவரே இவருக்காக வெறுங்கால்ல நிக்கிறவரு" என்றார். எல்லோரும் மேஸ்திரியைப் பார்த்தார்கள். செண்பகமும் பார்த்தாள். அண்ணன் பேச்சு எடுபடும் என்ற நம்பிக்கை அவள் முகத்தில் இருந்தது.

மேஸ்திரி அவளைப் பார்க்கவில்லை. லோகுவைப் பார்த்தார். அவன் யாருடைய தீர்ப்புக்கும் காத்திருக்கவில்லை. ஊன்றுகோலைச் சுவரில் சாய்த்துவிட்டுக் குனிந்துவிட்டான். கை பட்டைக்குப் போயிற்று. மலை உச்சியில் குனிந்த அதே குனிவு. அதே வார்த்தைக்கு அதே பணிவு.

"கழட்டாத மாப்ள" என்று கத்தினார் மேஸ்திரி. மேளக்காரர் அடிப்பதை நிறுத்திவிட்டார். மேஸ்திரி ஓடிப்போய் லோகுவின் கையைப் பிடித்துக்கொண்டார். "கழட்டாத. அன்னிக்கி உன்ன கழட்ட வெச்சது நான். வேணாம்னு சொன்ன. ரெண்டு நிமிஷத்துல இன்னா ஆயிடப்போவுதுன்னு நாந்தான் சொன்னேன். நீ சூட்டுல நின்னுக்கினு இருந்தப்ப கை தட்ட வெச்சதும் நாந்தான். செம்பகம், அவரு கழட்டல. நான் கழட்ட வெச்சேன். உங்கிட்ட பொய் சொன்னேன்."

பசு தலையை ஆட்டியதில் கழுத்து மணி மட்டும் கேட்டது.

செண்பகம் திட்டுவாள் என்று மேஸ்திரி காத்திருந்தார். அந்தத் திட்டு தனக்கு வர வேண்டியது, மாதக்கணக்கில் பாக்கி நிற்கிறது, வந்து விழட்டும் என்று தலையைக் குனிந்து நின்றார். அவள் அவர் பக்கம் திரும்பவே இல்லை. புருஷனைத்தான் பார்த்தாள்.

"நெசமாய்யா?"

"உடு செம்பகம். நல்ல நாள் அதுவுமா."

"நெசமான்னு கேட்டேன்."

லோகு தலையை ஆட்டினான்.

"ஏன்யா சொல்லல? எவ்ளோ பேசுனேன் உன்ன. புள்ளைங்க எதுருல பேசுனேன், உங்கக்கா எதுருல பேசுனேன். வாயத் தொறந்து ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல?"

"சொல்லி?" என்றான் லோகு. "உனக்கு பொறந்த ஊடுன்னு இருக்குறது உங்கண்ணன் ஒண்ணுதான். என்ன திட்டுனா ராத்திரி சோத்துக்கு நீயே கூப்ட்டுருவ. அத திட்டிட்டன்னா அப்பறம் எங்க போவ?"

ஈஸ்வரி ஓடிவந்து விளக்கை வாங்கிக்கொள்ள, செண்பகம் புருஷன் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு விம்மி விம்மி அழுதாள். "மன்னிச்சிக்கோய்யா, மன்னிச்சிக்கோய்யா" என்பது மட்டும் திரும்பத் திரும்பக் கேட்டது. அவன் முதுகைத் தட்டிக்கொடுத்தான். இத்தனை நாள் தூக்கித் திரிந்ததை ஒருவழியாக இறக்கி வைத்துவிட்டோம் என்று மேஸ்திரி நினைத்திருந்தார். எங்கே இறக்கி வைத்தார் என்பது இப்போதுதான் தெரிந்தது. தங்கச்சியின் தலையில். பாவம் செய்தது அவர், மன்னிப்புக் கேட்பது அவள்.

கொஞ்ச நேரத்தில் அவளே கண்ணைத் துடைத்துக்கொண்டு விளக்கை வாங்கினாள். "அவரு செருப்போடதான் வருவாரு அண்ணி. எந்த லட்சுமி வேணாம்னு சொல்றாளோ அவ வர வேணாம்" என்றாள். திலகவதி ஒதுங்கி வழி விட்டாள். இரண்டு பேருமாக உள்ளே போனார்கள். உள்ளே பால் பொங்கியதற்குக் குலவைச் சத்தம் கேட்டது. மேஸ்திரி வெளியே பந்தல் ஓரத்தில், தான் கட்டிய சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். யாரும் அவரைச் சாப்பிடக் கூப்பிடவில்லை. ஈஸ்வரி ஒரு தடவை எட்டிப் பார்த்துவிட்டுப் போய்விட்டாள்.

பந்தி முடிந்து கூட்டம் கலைந்த பிறகு செண்பகம் வந்தாள். சீர்ப் புடவையைக் கட்டியிருந்தாள். அதைப் பார்த்ததும் மேஸ்திரி எழுந்து நின்றார். கையில் ஒரு அட்டைப்பெட்டி. அதைத் திறந்து, புத்தம்புதுச் செருப்பு ஒரு ஜோடியை எடுத்து அவர் காலடியில் வைத்தாள்.

"அவரு கால் ஆறிடுச்சே, எங்கண்ணன் வேண்டுதல இன்னிக்கி நானே முடிச்சி வெக்கணும்னு போன வாரமே கும்மிடிப்பூண்டி பஜாருல வாங்கி வெச்சேன்" என்றாள். குரலில் கோபம் இல்லை, களைப்புதான் இருந்தது. "போட்டுக்கோ."

"வேணாம் செம்பகம். எனக்கு அந்த யோக்யத இல்ல. நான் இப்பிடியே..."

"நீ வெறுங்கால்ல நடந்தா அவருக்கு வெரலு மொளச்சிடப்போவுதா? உன்ன ஊரு கும்பிடும். அவர அதே ஊரு, பொண்டாட்டி பேச்சு கேக்காம கால தொலச்சவன்னு சொல்லும். அத நான் பாத்துக்கினு இருக்கணுமா? போட்டுக்கோண்ணா. போட்டுக்கினு எல்லாரையும் போல நட. எங்க எங்க உன்ன நல்லவன்னு சொன்னாங்களோ அங்கல்லாம் போயி சொல்லிட்டு வா. அப்பறமா இந்த ஊட்டுக்கு வா."

மேஸ்திரி செருப்பில் காலை நுழைத்தார். வெடித்த பாதத்துக்கு அது மெத்தென்று இருந்தது. ஹைவேயில் தார் கொதித்துக்கொண்டிருந்த நேரம். பஸ் நிற்கிற இடம் வரைக்கும் நடந்தார், சூடு துளிகூட ஏறவில்லை. சுட்டிருந்தால் தேவலை என்று வழி நெடுக நினைத்துக்கொண்டு போனார்.

மறுநாள் காலை டீக்கடைக்காரர் கண்ணில் முதலில் பட்டது அந்தச் செருப்புதான். "மேஸ்திரி, வேண்டுதல் முடிஞ்சிடுச்சா? சாமி கண்ணத் தொறந்துட்டாரு" என்றார். பெஞ்சில் இருந்தவர்கள் வழக்கம்போல நகர்ந்து இடம் விட்டார்கள்.

மேஸ்திரி உட்காரவில்லை. "வேண்டுதல் ஒண்ணும் இல்லப்பா" என்றார். பிறகு கடையில் இருந்த எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, ஒன்று விடாமல், கை தட்ட வைத்தது வரைக்கும் சொன்னார். முடிக்கும்போது டீக்கடைக்காரர் ஆற்றுவதை நிறுத்தியிருந்தார். யாரும் உச்சுக் கொட்டவில்லை. நகர்ந்து விட்டிருந்த இடத்தில் வேறொருவர் வந்து உட்கார்ந்துகொண்டார்.

மேஸ்திரி நின்றுகொண்டே டீயைக் குடித்தார். குடித்துவிட்டு எதிர்ப்பக்கம் நடந்து, வேலைக்கு வந்தவர்களைக் கூப்பிட்டு, அவர்களிடம் முதலிலிருந்து ஆரம்பித்தார்.